பூனை வாலைப் படிப்பது எப்படி: கடிகார முள் முறை

தமிழில் வாலைப் பற்றிய பேச்செல்லாம் நாயை வைத்துத்தான். குழைத்தால் அன்பு, சுருட்டினால் பயம், என்ன செய்தாலும் நிமிராது. இதே கணக்கோடு பூனையிடம் போனால் கையில் கீறல் நிச்சயம். நாய் வாலாட்டினால் பெரும்பாலும் ‘வா’ என்று பொருள். பூனை வாலாட்டினால் பெரும்பாலும் ‘போதும்’ என்று பொருள். “என்கிட்ட வாலாட்டாதே” என்று மிரட்டுகிறோமே, அந்த ஒன்றுதான் பூனைக்கும் ஓரளவு பொருந்தும்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு நோட்டு, வீடியோ எடுக்கிற போன், ஏழு நாள் போதும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

படி 1: வாலை மூன்று துண்டாகப் பாருங்கள்

வால் என்பது முதுகெலும்பின் கடைசிப் பகுதி. சாதாரண வாலுள்ள பூனைக்கு அதில் 18 முதல் 23 சிறு எலும்புகள் இருக்கும். நீளம் ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. அடியில் உள்ள எலும்புகள் தடிமனானவை. நுனியை நோக்கிப் போகப் போக மெலிந்து குச்சி போலாகிவிடும். தசைகளில் பெரும்பகுதி அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து நீளமான தசைநாண்கள் நுனி வரை ஓடுகின்றன, பொம்மலாட்டக் கயிறு மாதிரி. அதனால்தான் வால் முழுக்க அசையாமல் கிடக்க, நுனி இரண்டு செ.மீ. மட்டும் துடிக்க முடிகிறது.

அடி, நடு, நுனி என்று தனித்தனியாகப் பாருங்கள். அடி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதில் மனநிலை தெரியும். நுனியில் தெரிவது கவனம், அதாவது எதையோ பார்க்கிறது, எதையோ கேட்கிறது. நடுப்பகுதியில் வளைவு மட்டும் பார்த்தால் போதும். மயிர் சிலிர்த்திருக்கிறதா என்பது தனிக்கணக்கு. அதைப் படி 5இல் பார்ப்போம்.

படி 2: முதலில் உங்கள் பூனையின் சாதாரண நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். இணையத்தில் கிடைக்கிற பன்னிரண்டு படம் போட்ட அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, ‘வால் தாழ்ந்திருக்கிறது, பூனைக்குப் பயம்’ என்று முடிவுகட்டுவார்கள். பெர்சியன் பூனைகள் பல, சும்மா நடக்கும்போதே வாலைத் தாழ்த்தித்தான் வைத்திருக்கும். மேங்ஸ் இனத்தில் வாலே இல்லாதவையும் உண்டு. முறுக்குவாலோடு பிறப்பவையும் உண்டு. உங்கள் பூனை நிம்மதியாக இருக்கும்போது வால் எங்கே நிற்கிறது என்பது தெரியாமல் மற்ற எதையும் படிக்க முடியாது.

குறிப்பெழுதக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். பூனையைப் பக்கவாட்டில், தலை உங்கள் இடப்பக்கம் இருப்பதாக வைத்துப் பாருங்கள். வால் நேராக மேலே நின்றால் 12 மணி. முதுகுக்கு நேர்கோட்டில் பின்னால் நீண்டால் 3 மணி. தொங்கினால் 6 மணி. வயிற்றுக்கடியில் செருகியிருந்தால் 7 மணி, 8 மணி. பூனை வலப்பக்கம் பார்த்து நின்றால் மனதுக்குள் திருப்பிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.

வேகத்துக்கு, 10 விநாடியில் வால் எத்தனை முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது என்று எண்ணுங்கள். ஒரு குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

காலை 7.10. கதவோரம். 12 மணி, நுனி கொக்கி. அசைவு இல்லை. ஆள் உள்ளே வந்ததும்.

காலை 7.25. சன்னல் மேடை, வெளியே பறவை. உட்கார்ந்த நிலை. நுனி மட்டும், 10 விநாடியில் 8.

வீடியோ எடுக்கும்போது போனைத் தரைமட்டத்தில், இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் வாலின் உயரமே தெரியாது. 3 மணியும் 6 மணியும் ஒரே மாதிரி இருக்கும். ஸ்லோ மோஷன் வசதி இருந்தால் நுனித் துடிப்புக்கு அதைப் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். பூனையை முறைத்துப் பார்த்தபடி எடுத்தால், அது உங்கள் முறைப்புக்கு ஆட்டுகிற வாலைத்தான் பதிவு செய்வீர்கள்.

படி 3: உயரத்தைப் படியுங்கள்

12 மணி என்பது வணக்கம். குட்டிகள் தாயை நோக்கி ஓடும்போது இப்படித்தான் வாலைத் தூக்கிக்கொண்டு போகும். வீட்டுப்பூனை வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. வால் தூக்கிய பூனையின் கறுப்பு நிழலுருவத்தைச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்த சோதனையில், பூனைகள் தாங்களும் வாலைத் தூக்கிக்கொண்டு அதை நெருங்கின. வால் தாழ்ந்த உருவத்துக்கு அந்த வரவேற்பு இல்லை. ஆக இது பூனைகள் தங்களுக்குள்ளேயே படித்துக்கொள்கிற அடையாளம். நுனி கொக்கியாக வளைந்திருந்தாலும் வணக்கம்தான். அந்தக் கொக்கிக்குத் தனி அகராதி தேட வேண்டாம்.

பதில் வணக்கம் எப்படி? குனிந்து, ஒரு விரலைப் பூனையின் மூக்கு உயரத்தில், ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில் நீட்டுங்கள். அது வந்து கன்னத்தைத் தேய்த்தால் தடவலாம். வணக்கம் சொன்னவரை உடனே தூக்கிக் கொஞ்சுவதுதான் நம்மவர்கள் செய்கிற தவறு.

12 மணியில் வால் நிற்க, அடியிலிருந்து நுனி வரை நடுங்கினால் பின்கால்களைக் கவனியுங்கள். உங்களைப் பார்த்து நின்று நடுங்கினால் அது மகிழ்ச்சிப் பரபரப்பு. சுவருக்கோ சோபாவுக்கோ முதுகைக் காட்டி, பின்கால்களை மாற்றி மாற்றி மிதித்தபடி நடுங்கினால் எல்லை குறிக்க மூத்திரம் பீய்ச்சுகிறது. கருத்தடை செய்யாத கடுவனிடம் இது அதிகம், பெட்டையும் செய்யும். கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்களில் நின்றுவிடும் அல்லது குறைந்துவிடும். கத்தித் திட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. பதற்றம் கூடினால் பீய்ச்சலும் கூடும்.

3 மணி சாதாரணம். உடம்பைத் தரையோடு ஒட்டி, 3 மணியில் வாலை நீட்டி நகர்ந்தால் வேட்டை ஒத்திகை. 6 மணியைத் தாண்டி 7, 8 என்று வயிற்றுக்கடியில் போகப் போகத் தயக்கம், பயம். அடி உயர்ந்து அங்கிருந்து கவிழ்ந்த ‘ப’ போல வளைந்தால், பெரிய பூனையிடம் அது தற்காப்பு. குட்டியிடம் பெரும்பாலும் விளையாட்டு. பக்கவாட்டில் நண்டு மாதிரி துள்ளுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

படி 4: வேகத்தைப் படியுங்கள். கடி தப்புவது இங்கேதான்

பூனை மடியில் படுத்திருக்கிறது, நீங்கள் தடவுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அரை நிமிடம் வால் உங்கள் தொடையில் சும்மா கிடக்கும். பிறகு நுனி ஒரு முறை சுண்டும். குர்ர் சத்தம் தொடர்கிறது, அதனால் நீங்களும் தொடர்கிறீர்கள். அடுத்து நுனியோடு சேர்ந்து பாதி வால் எழுந்து விழும். முதுகுத்தோல் ஒரு கணம் சிலிர்த்து அடங்கும். காது பக்கவாட்டில் திரும்பும். வால் இப்போது அடியிலிருந்தே அடிக்கத் தொடங்கி, தொடையில் ‘தப் தப்’ என்று விழும். தலை உங்கள் கையை நோக்கித் திரும்பும். அடுத்தது பல். ‘திடீரென்று கடித்துவிட்டது’ என்கிற புகார்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்த வரிசைதான் இருக்கும். அசைவு நுனியிலிருந்து அடிக்கு இறங்குகிறதா, இதுதான் கேள்வி. இறங்கத் தொடங்கியதும் கையை எடுங்கள். குர்ர் சத்தத்தை நம்பாதீர்கள். வலியிலும் பதற்றத்திலும்கூடப் பூனை அந்தச் சத்தம் எழுப்பும்.

பழகும்வரை இதைச் செய்யுங்கள்: மூன்று விநாடி தடவி, மூன்று விநாடி நிறுத்துங்கள். நிறுத்தியதும் தலையைக் கொண்டுவந்து முட்டினால் இன்னொரு சுற்று. வால் சுண்டினால் முடிந்தது. கன்னமும் தாடையும் காதடியும் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். வாலடி அப்படியில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் உடம்பின் வெவ்வேறு இடங்களைத் தடவிப் பார்த்தபோது, வாலடியைத் தடவியதற்குத்தான் பூனைகள் அதிகம் முகம் சுளித்தன. சில பூனைகள் அங்கே சொறியச் சொல்லிப் பின்பக்கத்தைத் தூக்கும். அவற்றிலும் பல, நாலைந்து முறைக்கு மேல் போனால் திரும்பிப் பார்க்கும்.

எச்சரிக்கையை மதிக்காமல் பிடித்து வைத்தால் என்ன ஆகும்? வாலால் சொல்லிப் பயனில்லை என்று பூனை கற்றுக்கொள்ளும். பிறகு தப் தப் எல்லாம் இல்லை, நேரே கடிதான். அப்படிப்பட்ட பூனையைத் திருத்த மாதக்கணக்காகும்.

சன்னலில் பறவையையோ சுவரில் பல்லியையோ பார்த்து நுனி துடிப்பது கோபமல்ல, இரைமேல் வைத்த குறி. தாடை படபடக்கும். அந்த நேரத்தில் முதுகில் கை வைக்காதீர்கள்; எட்டாத இரைமேல் உள்ள ஆத்திரம் எட்டுகிற கையில் இறங்கும். படுத்திருக்கும் பூனையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நுனி மட்டும் ஒருமுறை அசையும். கேட்டுவிட்டது, வரப்போவதில்லை.

படி 5: சிலிர்த்த வால்

பாட்டில் பிரஷ் மாதிரி வால் பருப்பது பூனை வேண்டுமென்று செய்வதல்ல. ஒவ்வொரு மயிரின் அடியிலும் உள்ள சிறு தசை, அச்சத்தில் தானாக இறுகி மயிரை நிமிர்த்துகிறது. நமக்குப் புல்லரிப்பதும் இதே வேலைதான்; நம்மிடம் காட்ட மயிர் இல்லை, அவ்வளவே.

சமாதானப்படுத்தப் போகாதீர்கள், தூக்காதீர்கள். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்குங்கள். வால் பழைய தடிமனுக்கு வந்த பிறகும் உள்ளே பதற்றம் இருக்கும், அதனால் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். இரண்டு பூனைகள் எதிரெதிரே சிலிர்த்து நின்றால் நடுவே ஓர் அட்டையையோ தலையணையையோ செருகிப் பார்வையை மறையுங்கள். கையை மட்டும் நுழைக்க வேண்டாம்.

படி 6: சமநிலை

குறுகலான மதில்மேல் நடக்கும்போது வால் எதிர்ப்பாரமாக வேலை செய்கிறது. பூனை நடந்துகொண்டிருக்கும் கட்டையைச் சட்டென்று ஒரு பக்கம் நகர்த்தினால், வால் எதிர்ப்பக்கம் வீசி இடுப்பைக் கட்டைக்கு மேல் கொண்டுவரும். ஆனால் விழும்போது காலூன்றி விழுவது வாலால்தான் என்பது கட்டுக்கதை. வாலில்லாப் பூனையும் காற்றில் திரும்பிவிடும். முதுகு இரண்டு பாதியாக முறுக்கித் திரும்புவதுதான் அதன் சூட்சுமம். அப்படியும் மாடியிலிருந்து விழும் பூனைகளுக்குத் தாடையும் காலும் உடைகின்றன, ஆகவே சன்னலுக்கு வலை போடுங்கள்.

படி 7: வாரம் ஒருமுறை கையால் பாருங்கள்

வால் 12 மணியில் இருக்கிற ஒரு நல்ல நேரமாகப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டால் அடியிலிருந்து நுனி வரை மெல்ல வருடிப் போங்கள். ஐந்து விநாடி போதும். இழுக்கக் கூடாது. வீக்கம், சூடு, பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சண்டைக்குப் போகும் பூனைக்குக் கடிவாயில் சீழ் கட்டும். மயிர் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

வாலடி மயிரைப் பிரித்துப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் துகள் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் ஒற்றுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். கரையாவிட்டால் அழுக்கு. வாலின் மேற்பக்கம் அடியில் பிசுபிசுப்பும் கரும்புள்ளிகளும் இருந்தால் அங்குள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வேலை. கருத்தடை செய்யாத கடுவன்களில் இதைப் பார்க்கலாம்.

இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்:

வால் கயிறு போலத் தொங்குகிறது, நுனியைத் தொட்டாலும் அசைவில்லை. கதவில் சிக்கியோ, யாரோ இழுத்தோ, வண்டியில் அடிபட்டோ இருக்கலாம். வாலடியில் ஓடும் நரம்புகளின் பக்கத்திலேயே மூத்திரப்பை, மலக்குடல் நரம்புகளும் உள்ளன. வாலை இழுத்தால் அவையும் சேர்ந்து கிழியலாம். குழந்தைகளிடம் வாலை இழுக்காதே என்று சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான். கடைசியாக எப்போது மூத்திரம் போனது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

முதுகுத்தோல் அலையலையாகத் துடித்து, தன் வாலையே துரத்திக் கடித்து, பேய் பிடித்தது போல ஓடுகிறது, அடிக்கடி நடக்கிறது. தோல்நோய், வலி, நரம்புக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம்.

பின்கால்கள் திடீரென்று செயலிழந்து சில்லிட்டுப் போய், பூனை அலறுகிறது. இதற்கு ‘அன்றைக்கே’ போதாது, அந்த நிமிடமே கிளம்புங்கள். பின்காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம்.

வாலுக்கு நீங்களே குச்சி வைத்துக் கட்டாதீர்கள். வலிக்கு என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

போகும்போது நோட்டையும் வீட்டில் எடுத்த வீடியோவையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் மேசைமேல் பெரும்பாலான பூனைகளின் வால் 7 மணியில்தான் இருக்கும். அதை வைத்து அவரால் ஒன்றும் சொல்ல முடியாது.