கடைசி பெஞ்சில் ஒரு சக ஆசிரியர்

நன்றாகப் பாடம் நடத்தப் பழக வேண்டும் என்று நினைக்கும் விரிவுரையாளர் முதலில் தேடுவது ஏதாவது பயிற்சிப் பட்டறையைத்தான். போகட்டும், தப்பில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவுகிற அளவுக்குத் திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு உதவுவதில்லை. நான் இயற்பியல் நடத்துகிறவன். புதிதாகச் சேர்ந்தவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு சக ஆசிரியரை உட்கார வையுங்கள் என்பேன்.

துறைத்தலைவரைக் கூப்பிடாதீர்கள். ரிப்போர்ட் எழுதப்போகிறவர் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் இயல்பாகப் பேச்சு வராது. வேறு துறைக்காரர் கிடைத்தால் ரொம்ப நல்லது. பாடம் புரியாததால் அவர் கண் மாணவர்கள் பக்கமே இருக்கும். எதைக் கவனிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதுவும் ஒரே ஒரு விஷயத்தை. வகுப்பு முடிந்து "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது சார்" என்றுதான் சொல்வார்.

நான் கவனிக்கச் சொல்வது, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளில் இதை அளந்து 1970-களில் எழுதினார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். அதையே 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீளமாயின, தானாக முன்வந்து சொல்பவர்களும் கூடினார்கள். கல்லூரியிலும் இதே கதைதான். ஒரு நண்பரின் வகுப்பில் நான் எழுதிய பக்கம் இப்படி இருந்தது:

10.12 – "புரிஞ்சுதா?" – 1 விநாடி – பதில் இல்லை
10.19 – "வேகம் ஏன் மாறலை?" – 1 விநாடி – அவரே சொன்னார்
10.31 – "டவுட் இருக்கா?" – போர்டைத் துடைத்துக்கொண்டே

அந்தப் பக்கத்தை அப்படியே கொடுத்தேன், அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் "டவுட் இருக்கா?" காணாமல் போயிருந்தது.

அப்புறம், ஏதாவது ஒன்றை மாற்றிப் பாருங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1991 முதல் கையாண்ட முறை எந்தப் பாடத்துக்கும் ஒத்துவரும். கணக்குப் போடத் தேவையில்லாத, யோசிக்க வைக்கும் கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். கனமான லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும்? இரண்டும் ஒரே அளவு விசைதான் செலுத்தும்; ஆனால் ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கிற மாணவர்கள்கூட லாரி என்பார்கள். முதலில் தனித்தனியாகப் பதில் சொல்லட்டும். விடைகளுக்கு எண் கொடுத்துவிட்டு அத்தனை விரலைக் காட்டச் சொன்னால் போதும், கருவி எதுவும் வேண்டாம். 100-க்கு 30 முதல் 70 பேர் வரை சரியாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு மறுபடி கேளுங்கள். அதற்கும் குறைந்தால் திரும்ப நடத்துங்கள், கூடினால் மேலே போய்விடுங்கள்.

மாணவர்கள் முணுமுணுப்பார்கள், தயாராக இருங்கள். 2019-இல் ஹார்வர்டிலிருந்தே வந்த ஓர் ஆய்வில், இப்படி வகுப்பில் தாங்களே வேலை செய்தவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் அவர்களுக்குத் தோன்றியது. இதைச் செமஸ்டர் தொடக்கத்திலேயே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

கருத்துப் படிவத்தைக் கடைசி வாரத்தில் கொடுப்பதால் அந்த பேட்சுக்கு என்ன லாபம்? நான்காவது, ஐந்தாவது வாரத்திலேயே அரைத்தாளில் பெயரில்லாமல் எழுதி வாங்குங்கள். எது உதவுகிறது, எது இடைஞ்சல், இவ்வளவுதான் கேள்வி. மறு வகுப்பிலேயே பதில் சொல்லிவிட வேண்டும். "எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள்" என்றால் சரி. "பரீட்சைக்கு வருவதை மட்டும் நடத்துங்கள்" என்றால் ஏன் மாட்டேன் என்பதையும் சொல்லுங்கள்.

கவனிப்புப் பக்கம், அரைத்தாள்கள், விரல் கணக்கு எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே ஃபைலில் வையுங்கள். பதவி உயர்வுக்குக் கற்பித்தல் சான்று கேட்கும்போது பட்டறைச் சான்றிதழோடு இதையும் சேர்த்துக் கொடுக்கலாம். உங்கள் வகுப்புக்கு வந்தவரின் வகுப்பில் அடுத்த மாதம் நீங்கள் போய் உட்காருங்கள். எதைக் கவனிப்பது என்பதை இந்த முறை அவர் சொல்லட்டும்.