தண்ணீர் நன்றாகத் துப்புகிறது, ஆனாலும் அவுட்போர்டு சூடாகிறதா?

படகின் பின்னால் மாட்டும் இந்த இஞ்சின் சூடானதும் எல்லோரும் கை வைப்பது, அதைக் குளிர்விக்க நீர் ஏற்றும் தண்ணீர் பம்பில்தான். பல சமயம் கோளாறு அங்கேதான் இருக்கும். ஆனால் தண்ணீர் குறையே இல்லாமல் ஓட, பெட்ரோல் போதாமல் சூடாவதும் உண்டு. நம் ஃபைபர் போட்டுகளில் ஓடும் 8, 9.9, 15 குதிரைத்திறன் கார்புரேட்டர் இஞ்சின்கள், அதிலும் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் என்றால், இது பெரிய ஆபத்து. பெட்ரோல் குறைந்தால், அதாவது லீனாக ஓடினால், எரியும் சூடு ஏறுகிறது, அதே நேரம் உள்ளே போகும் ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் சிலிண்டரைக் கீறிப் பிடித்துக்கொள்வது அப்படித்தான்.

முதலில் தண்ணீரைப் பார்த்துவிடுவோம். பக்கத்துத் துளையில் நீர் கனமாக வர வேண்டும், கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக்கூடாது. வரவே இல்லையா, உடனே அணையுங்கள். கனமான தங்கூசி ஒரு துண்டை அந்தத் துளையில் விட்டுக் குத்திப் பாருங்கள், உப்பு அடைத்திருந்தால் அதிலேயே சரியாகிவிடும். அடுத்து கீழே நீர் உறிஞ்சும் சல்லடை. அதை அடைப்பது பாக் நீரிணைப் பக்கம் கடற்புல், மற்ற இடங்களில் பாலித்தீன் பை. அதுவும் சுத்தம் என்றால் கியர் பாக்ஸை இறக்கி, தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைப் பாருங்கள். ரப்பர் இதழ்கள் வளைந்தபடியே நின்றுவிட்டிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரு இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள், மேலே போய் நீர்ப்பாதையை அடைத்துக்கொள்ளும். மணலில் ஓட்டியவர்கள் இம்பெல்லர் உட்காரும் ஸ்டீல் கப்பையும் தடவிப் பாருங்கள், நகம் மாட்டும் அளவு கோடு இருந்தால் புது இம்பெல்லர் போட்டும் பயனில்லை. உங்கள் இஞ்சினில் சூடானால் நீர்வழியைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் இருந்தால், கழற்றிப் பாத்திரத்து நீரில் போட்டுக் காய்ச்சி, திறக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எல்லாம் சரி, இன்னும் சூடு. இனி பெட்ரோல் பக்கம்.

பெட்ரோல் போதாவிட்டால் முழு வேகத்தில் இஞ்சின் தும்மும், கார்புரேட்டர் வழியே திருப்பி அடிக்கும், ஏறி ஏறி இறங்கும். அந்த நேரத்தில் கூட இருப்பவரை, பெட்ரோல் ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியதும் இஞ்சின் எழுந்துகொண்டால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். பல்பு சப்பையாக ஒட்டிக்கிடந்தால் டேங்குக்கும் பல்புக்கும் நடுவே அடைப்பு, அதில் முதலில் பார்க்க வேண்டியது டேங்க் மூடியின் காற்றுத் திருகு. எவ்வளவு அழுத்தியும் பல்பு கெட்டியாகாமல் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, கிளாம்பு, கனெக்டரின் ஓ ரிங் எல்லாம் பாருங்கள். பல்பு நல்ல கெட்டி, ஆனாலும் தும்மல் என்றால் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், இல்லாவிட்டால் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான கார்புரேட்டர் ஜெட்.

என் இஞ்சினுக்கு இரண்டு இம்பெல்லர் மாற்றினேன். கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடும், அப்புறம் பெயின்ட் கருகும் வாசனையோடு அமுங்கும். கடைசியில்தான் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். இளம் பழுப்பாக இருக்க வேண்டிய பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, அதன் மேல் கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும் அளவில் வெள்ளிப் பொடி. அது பிஸ்டனின் அலுமினியம். பெட்ரோல் ஹோஸ் வெளியே புத்தம் புதுசாகத்தான் இருந்தது, வாயால் ஊதினால் காற்றும் தாராளமாகப் போனது. பிளேடால் நீளவாக்கில் கிழித்தபோது உள் உறை உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. ஊதும்போது படுத்துக்கொள்ளும், இஞ்சின் உறிஞ்சும்போது எழுந்து வழியை மூடிக்கொள்ளும். அதனால் ஹோஸை ஊதிப் பார்த்து நம்பாதீர்கள்.

இப்போது பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரைக் கெடுக்கும், நீரை இழுக்கும். அதோடு, பழைய பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டில் இதை ஓட்டினால் கலவை இன்னும் கொஞ்சம் லீனாகவே போகும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்து, நீர் பிரிந்து அடியில் தனி அடுக்காக நிற்கிறதா பாருங்கள். பயந்துபோய் ஆயிலைக் கூட்டுவதும் தப்பு. பெட்ரோல் 50 பங்குக்கு ஆயில் 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., அவ்வளவுதான். அதே ஜெட் வழியே ஆயில் கூடப் போனால் பெட்ரோல் குறைந்துதானே போகும்?

கடலில் வைத்தே சூடேறிவிட்டால் வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். துளையில் நீர் வந்தால் ஐடிலில் ஆறட்டும், வராவிட்டால் அணைத்துவிடுங்கள். கொதிக்கும் ஹெட்டில் கடல்நீரைக் கோரி ஊற்றாதீர்கள், விரிசல் விடும். இறுகி நின்றுவிட்டால் கயிற்றை வெறியோடு இழுக்காமல் நன்றாக ஆறும்வரை பொறுத்து, இரண்டு ப்ளக்கையும் கழற்றி, ப்ளக் இருந்த துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். உரசல் இல்லாமல் சுற்றினால் ப்ளக்கைத் திரும்பப் போட்டு, பல்பை அழுத்திக்கொண்டே குறைந்த வேகத்தில் கரைக்கு வந்துவிடுங்கள்.