மர பீரோவில் பூஞ்சணமா? துடைக்கும் முன் சுவரைப் பாருங்கள்

செட்டிநாடு வறண்ட சீமைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். வளவைச் (முற்றமும் அதையொட்டிய தாழ்வாரமும்) சுற்றிப் பூட்டிக் கிடக்கும் அறைகளில் காற்றே அசையாது. பொங்கலுக்கு வந்து பீரோவைத் திறந்தால் மக்கிய வாடை, கண்டாங்கிச் சேலை மடிப்பில் சாம்பல் பொட்டு. சேலையை மட்டும் துவைத்து வைத்தால் அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

படி 1: ஈரம் எங்கிருந்து?

பீரோவை நகர்த்தி, ஓரடிச் சதுர பாலிதீன் தாளைப் பின்சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி 2 நாள் விடுங்கள். தாளுக்கு உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் ஓதம்: ஓட்டு ஒழுக்கோ, தரையிலிருந்து ஏறும் நீரோ காரணம். வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம். சுவரில் வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சணம் இல்லை. தண்ணீர் தெளித்ததும் கரைந்தால் அது உப்புப் பூத்தது. ஒழுக்கு இருந்தால் முதலில் கூரை ஓடுகளை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

படி 2: பீரோவைச் சுத்தம் செய்தல்

என்95 முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். காய்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டவே கூடாது. பூஞ்சண வித்து அறை முழுக்கப் பறக்கும். துணிமணிகளைப் பையில் கட்டியே வெளியே கொண்டுபோங்கள்.

உள்பக்கம் பாலிஷ் இல்லாத மரம் என்றால் 70% ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். மூலைக்குப் பழைய டூத் பிரஷ் போதும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கு, ஊதுவத்தி பக்கத்தில் வேண்டாம்.

வெளிப்பக்கம்தான் பலர் கெடுத்துக்கொள்ளும் இடம். பழைய தேக்கு பீரோக்களில் அரக்குப் பாலிஷ் இருக்கும். ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும்: துணி பிசுபிசுவென ஒட்டும், பளபளப்பு போய்த் திட்டு விழும். அங்கே 1 லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் பாத்திர சோப்புத் திரவம் கலந்து, இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எதையும் முதலில் பின்பக்கம் ஓர் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள்.

பிளீச்சிங் மரத்துக்கு உதவாது. குளோரின் மேலோடு நின்றுவிடும், அதன் தண்ணீர் மட்டும் மரத்துக்குள் இறங்கும். பிளீச்சிங்கையும் வினிகரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

துடைத்து முடித்துக் கதவைத் திறந்து போட்டு, இப்போது மின்விசிறியைச் சுழலவிட்டு 2 நாள் காயவிடுங்கள். உப்பிய பிளைவுட் முதுகுப்பலகையைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

படி 3: சுண்ணாம்புச் சுவர்

வினிகர் படக்கூடாது, அமிலம் சுண்ணாம்பை அரிக்கும். ஈரப் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் நீர்த்த சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள் (கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்). சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. ஓதச் சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பது காசுக்குக் கேடு: ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் கொப்பளித்து உரியும்.

படி 4: துணி

பருத்தியைச் சோப்பில் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். ஜரிகைப் பட்டில் தண்ணீர் படாமல் வெளி நிழலில் ஆறவிட்டு, மென்மையான பிரஷால் தட்டுங்கள். கறை போகாவிட்டால் டிரை கிளீனிங். இஸ்திரி போட்ட சூட்டோடு அடுக்காதீர்கள், துணியில் ஆவி மிச்சம் இருக்கும்.

படி 5: திரும்ப வராமலிருக்க

சுவருக்கும் பீரோவுக்கும் 4 அங்குல இடைவெளி விட்டு, காலுக்கு மரக்கட்டை கொடுங்கள். முக்கால் பங்குக்கு மேல் அடுக்க வேண்டாம். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு இல்லை. ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாவைக் கீழ்த்தட்டில் வையுங்கள். அதில் சேரும் தண்ணீர் பட்டில் சிந்தினால் கறை. ஈரப்பதமானி ஒன்று உள்ளே இருக்கட்டும், 60 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். மழை ஓய்ந்த நாளில் 11 மணியிலிருந்து 3 மணி வரை ஜன்னலையும் பீரோவையும் சேர்த்துத் திறங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் நகையை லாக்கரில் வைத்துவிட்டு, சாவியைக் காவலுக்கு இருப்பவரிடம் கொடுத்து, மழை மாதங்களில் வாரம் ஒருமுறையாவது இதைச் செய்யச் சொல்லிவிட்டுப் போங்கள்.