அழும்வரை காத்திருக்காதீர்கள்: பச்சைப்பிள்ளையின் சைகைகளைப் படிப்பதில் நேரும் தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, பிள்ளை பிறந்த வீட்டில் அது வீறிட்டதும் யாராவது ஒருவர் "தாய்ப்பால் காணாது போல" என்பார். அடுத்த பேச்சு பால்மாவைப் பற்றித்தான்.

அழுகை பசியின் கடைசிச் சைகை. அதற்கு முன்பே பிள்ளை நெளியும், வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அப்போதே மார்பில் போட்டால் சுலபமாகப் பிடித்துக் குடிக்கும். வீறிட்ட பிறகென்றால் முதலில் நெஞ்சோடு அணைத்து ஆற்ற வேண்டும். நாளுக்கு 8 முதல் 12 தடவை குடிப்பது வழமையே. பால் போதுமா என்பதை அழுகையை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 தடவையாவது சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால், பால்மா வாங்கமுன் வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள்.

கொழும்புப் புழுக்கத்திலும் தொப்பி, காலுறை, கையுறை என்று மூடிவைப்பார்கள். நான் முதலில் கழற்றச் சொல்வது கையுறையை. முகத்தைக் கீறுமென்று பயமா? நகத்தை வெட்டிவிடுங்கள். பசியில் கை இறுகப் பொத்தியிருக்கும், வயிறு நிறைந்தால் விரல்கள் தளரும். இதையெல்லாம் மறைத்துவிட்டு, பிள்ளை ஒன்றும் காட்டுவதில்லை என்றால் எப்படி?

பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மடியாக வாங்கிக் கொஞ்சுவார்கள். பிள்ளை பார்வையை விலக்கும், முகத்தைத் திருப்பும், முதுகை வளைக்கும், விக்கல்கூட எடுக்கலாம். போதும் என்கிறது. திரும்பத் திரும்பக் கிலுக்கி ஆட்டாமல், சத்தமில்லாத அறைக்குக் கொண்டுபோங்கள்.

இரவில் முனகும், முகம் சுளிக்கும், கைகால் உதறும். அம்மம்மா "நரி வெருட்டுது" என்பார். பிறந்த பிள்ளையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படித்தான். உடனே தூக்கினால், தூங்கும் பிள்ளையை நீங்களே எழுப்பிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சத்தம் கேட்டு இரு கைகளையும் விரித்துத் திடுக்கிடுவதும் இயல்புதான்.

அழாமல் கிடப்பதை "நல்ல பிள்ளை" என்று மெச்சுவது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. பால் குடிக்க எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடந்தாலோ, 3 மாதத்துக்குள் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், இலவசம்.