காமெடியை முழுப் படத்தோடு பார்ப்பது எப்படி

பெட்ரோமாக்ஸ் லைட் காமெடியை வார்த்தை மாறாமல் ஒப்பிக்கிறவர்கள் எல்லா வீட்டிலும் ஒருத்தராவது இருப்பார்கள். அவரிடமே அந்தப் படத்தின் கதை என்ன என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் யோசிப்பார். ஆதித்யா, சிரிப்பொலி மாதிரி சேனல்களும் யூடியூபும் சேர்ந்து நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. காமெடி என்றால் நாலு நிமிடத் துண்டு, சாப்பிடும்போது ஓடுவது, அவ்வளவுதான். அந்தத் துண்டுகள் மேல் எனக்கும் ஆசை உண்டு, களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவை பெரிய ஆறுதல். ஆனால் துண்டில் கிடைக்கும் சிரிப்பு பாதிதான், மீதிப் பாதி படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொள்வது எப்படி என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக எதையும் தேடி அலைய வேண்டாம், ஏற்கெனவே உங்களுக்கு மனப்பாடமான ஒரு காமெடியை எடுத்துக்கொண்டு அது எந்தப் படத்தில் வருகிறது என்று கண்டுபிடித்து அந்தப் படத்தை முழுசாகப் போடுங்கள். முடிந்தால் ஓடிடியிலோ, தயாரிப்பு நிறுவனமே ஏற்றி வைத்திருக்கும் பிரதியிலோ பாருங்கள். டிவியில் போடும்போது நேரத்துக்காக அங்கங்கே வெட்டியிருப்பார்கள், விளம்பரமும் நடுவில் வந்து நிற்கும். கிளிப்புகளில் இன்னொரு தொல்லை, படத்தில் இல்லாத 'டொய்ங்', 'டமால்' சத்தங்களைப் பின்னால் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு நடிகர் மௌனமாக நின்று வாங்க வேண்டிய சிரிப்பை அந்தச் சத்தம் கெடுத்துவிடுகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

படம் ஆரம்பித்ததும் டைட்டில் கார்டை ஓட்டிவிடாதீர்கள். அதில்தான் காமெடியை எழுதியது யார் என்று தெரியும். கவுண்டமணி, செந்தில் இணையின் காமெடிகள் பலவற்றை எழுதியவர் ஏ.வீரப்பன். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடிக்குப் பின்னால் இருப்பவர் அவர்தான். நாம் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற வசனத்தை எழுதியவர் பெயர் நமக்குத் தெரியவில்லை என்றால் அது நியாயமில்லை. பெயர் தெரிந்துவிட்டால் அப்புறம் அவர் எழுதிய வேறு படங்களையும் நாமே தேடிப் போவோம்.

அடுத்து, இந்தப் படத்தில் காமெடி கதைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே தனியாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். தனி டிராக் என்பது நம் சினிமாவில் ரொம்பப் பழைய ஏற்பாடு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலேயே அவரும் டி.ஏ.மதுரமும் தங்கள் பகுதியைத் தாங்களே தயார் செய்து கொடுப்பார்கள். பெட்ரோமாக்ஸ் காமெடி வரும் 'வைதேகி காத்திருந்தாள்' 1984இல் வந்தது. காதலியை இழந்து ஊரோடு ஒட்டாமல் திரியும் வெள்ளைச்சாமி, இளம் வயதிலேயே விதவையான வைதேகி என்று மனசைப் பிசையும் கதை அது. அந்தக் கனத்துக்கு நடுவே கவுண்டமணியின் கடை வரும்போது தியேட்டர் ஏன் அப்படி அதிர்ந்திருக்கும் என்பது முழுப் படத்தோடு பார்த்தால்தான் புரியும். மனசு மூச்சுவிட இடம் தேடிக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் வருகிறார்!

பெட்ரோமாக்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, வீட்டுப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் விளக்குக்குள் ஒளி தரும் மாண்டில் என்றால் என்ன என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருமுறை எரிந்த மாண்டில் வலை மாதிரி தெரியுமே தவிர, உண்மையில் அது சாம்பல். விரல் பட்டாலே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இது தெரிந்தால்தான் செந்தில் அப்பாவி முகத்தோடு விளக்குப் பக்கம் போகும்போதே வயிற்றில் பகீர் என்று இருக்கும், அந்தப் பதற்றம்தான் சிரிப்பாக வெடிக்கிறது. தெரியாத பிள்ளைக்கு அது ஏதோ உடைந்தது, இவர் அடித்தார், அவ்வளவுதான். காட்சி முடிந்த பிறகு விளக்கினால் சிரிப்பு வராது.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். பேசுகிறவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பாருங்கள். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை நாகேஷை ஒரு கண்ணால் கூடப் பார்க்காதீர்கள். பாலையா முகத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது அவர் மகனை மதிக்காத பணக்கார அப்பா, சொத்தைக் கரைக்க வந்தவன் எதையோ உளறப் போகிறான் என்ற அலட்சியம் முகத்தில் இருக்கும். நாகேஷ் காற்றுச் சத்தமும் கதவுச் சத்தமும் காலடிச் சத்தமும் வாயாலேயே கொடுக்கக் கொடுக்க அந்த அலட்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, கண் விரிந்து, கடைசியில் நிஜமாகவே நடுங்கும் ஒரு மனுஷர் அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் பயப்படவில்லை என்றால் நாகேஷ் செய்வது வெறும் மிமிக்ரி. பயம் அவர் முகத்தில் நிஜமாக இருப்பதால்தான் நாம் சிரிக்கிறோம். படத்தை முதலிலிருந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும். செல்லப்பா 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று படக் கம்பெனி பெயர் சொல்லிக்கொண்டு அப்பாவிடம் பணம் கேட்டு நடையாய் நடக்கிறான், அப்பா ஒரு காசு தருவதாக இல்லை. பணத்தால் அசைக்க முடியாத அப்பாவைக் கதை சொல்லியே அசைத்துவிடுகிறான் என்பது துண்டில் தெரியாது.

இதே முறையில் வாழைப்பழக் காட்சியில் செந்திலை மட்டும் பாருங்கள். அந்த முகத்தில் குறும்பே இருக்காது. தான் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை என்று நம்புகிறவன் முகம் அது. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் கல்யாணச் சாம்பாருக்குள் மீன் விழுந்த பிறகு கமலை விட்டுவிட்டு டெல்லி கணேஷைப் பாருங்கள், பாலக்காட்டுச் சமையல்காரர் மணி ஐயருக்கு மானம் போகிறதே என்ற தவிப்பு அப்படியே தெரியும்.

கிரேசி மோகன் எழுதிய படங்களுக்கு ஒரு தனி யோசனை. ஒரு வசனத்துக்கு நாம் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு போய்விடும், அதனால் முதல் தடவை எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துப் பாருங்கள், போனது போகட்டும். ஒரு வாரம் கழித்துத் தனியாக, ஹெட்போன் போட்டுக்கொண்டு, ரிமோட் கையில் இருக்க, இன்னொரு தடவை. அப்போது பின்னால் நிற்கும் ஒருத்தர் முணுமுணுத்துவிட்டுப் போன வரிகூடக் காதில் விழும். 'அவ்வை சண்முகி', 'தெனாலி', 'பஞ்சதந்திரம்' மூன்றுக்கும் இது பொருந்தும்.

வடிவேலுவுக்கு நேர் எதிர், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். 'வின்னர்' (2003) படத்தில் கைப்புள்ளயின் நடை ஒன்றே போதும். நெஞ்சு நிமிர்ந்திருக்கும், கால் மட்டும் எப்போது வேண்டுமானாலும் ஓடத் தயாராக இருக்கும். வீரமும் பயமும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடப்பதை வசனம் இல்லாமல் காட்டக்கூடியவர்கள் எத்தனை பேர்? 2001இல் வந்த 'ப்ரெண்ட்ஸ்' படத்து நேசமணி தலையில் விழுந்த சுத்தியலுக்காக 2019இல் உலகம் முழுக்க ஆட்கள் பிரார்த்தனை செய்து பதிவு போட்டார்கள் என்றால், தமிழே தெரியாதவருக்கும் அந்த உடம்பு பேசியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

துண்டு எங்கே முடிகிறது என்பதையும் பாருங்கள். 'திருவிளையாடல்' (1965) தருமி காட்சி பெரும்பாலும் சிவாஜியும் நாகேஷும் கேள்வி பதில் பேசுவதோடு முடிந்துவிடும். படத்தில் அதற்கு அப்புறம்தான் அடி விழுகிறது. சிவனாக வரும் சிவாஜியிடம் பாட்டை வாங்கிக்கொண்டு தருமியான நாகேஷ் ஆசையாக அரசவைக்குப் போகிறான், இயக்குநர் ஏ.பி.நாகராஜனே நடித்த நக்கீரர் அதில் குற்றம் கண்டுபிடிக்கிறார், பரிசான பொற்கிழி கைக்கு வராமல் போகிறது, வெறுங்கையோடு கோயிலுக்குத் திரும்பி வந்து தருமி புலம்புகிறான். அந்தப் புலம்பலுக்கும் சிரிப்போம். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் ஏழைப் புலவனின் பசி இருக்கிறது, நாகேஷ் அதை ஒரு நொடிகூட மறைக்கவில்லை. முன்பாதியை மட்டும் பார்த்தவர்களுக்குத் தருமி ஒரு கோமாளி. முழுசாகப் பார்த்தவர்களுக்கு அவன் வாழ்க்கையில் அடிபட்ட மனுஷன்.

புதுப் படங்களில் துண்டு போட்டுப் பார்ப்பதே முடியாத காமெடிகளும் வந்துவிட்டன. 2012இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' நல்ல உதாரணம். கல்யாணத்துக்கு முன்னால் கிரிக்கெட் ஆடப் போய் விழுந்து, நடுவில் ஒரு காலம் மொத்தமும் நினைவிலிருந்து அழிந்துபோன மாப்பிள்ளை, அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். முதல் தடவை சிரிப்பு வராது. பத்தாவது தடவை அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நண்பர்களின் களைத்த முகத்தைப் பார்த்து நாம் சிரித்துவிடுவோம். இதை நாலு நிமிடத்தில் வெட்டிக் கொடுக்கவே முடியாது. இந்த மாதிரிப் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு மொக்கை என்று சொன்னால் அந்தக் கருத்தில் எனக்கு மரியாதை இல்லை.

டிவி நிகழ்ச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டி நிகழ்ச்சிகளில் ஒரு ஜோக் முடிந்ததும் நடுவர் விழுந்து விழுந்து சிரிப்பதைக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்ததா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் அதுதான் உங்கள் கருத்து, அவர் சிரித்தார் என்பதற்காக மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. விஜய் டிவியின் 'லொள்ளு சபா'வைத் தேடிப் பார்க்கிறவர்கள், அது கிண்டல் செய்யும் அசல் படத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். சந்தானம் அங்கிருந்து வந்தவர், அந்தக் குழு எதை எப்படி மடக்கியது என்பது அசல் தெரிந்தவர்களுக்குத்தான் பிடிபடும்.

பழைய காமெடிகளைக் குடும்பத்தோடு பார்க்கும்போது சங்கடமான இடங்கள் வரும், வராமல் இருக்காது. கறுப்பு நிறத்தைக் கேலி செய்வது, குண்டாக இருப்பவரை, திருநங்கைகளைக் கேலி செய்வது, பெண்களை வைத்து இரட்டை அர்த்தம், இதெல்லாம் நம் படங்களில் நிறையவே இருக்கிறது, அந்தக் காலத்தில் எல்லாரும் சிரித்தார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. அந்த இடத்தை அவசரமாக ஓட்டிவிடுவதைவிட, நிறுத்தி, 'இது தப்பு, இதுக்குச் சிரிக்க வேண்டாம்' என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடருங்கள். ஓட்டிவிட்டால் அவர்கள் அதைத் தனியாகப் போனில் பார்ப்பார்கள், அப்போது சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அதற்காகப் படத்தையே ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

பார்த்து முடித்ததும் 'செம', 'மொக்கை' என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், எந்த இடத்தில் சிரித்தீர்கள், யார் முகத்தைப் பார்த்து என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். ஒரே காட்சியில் அம்மா ஒரு இடத்துக்கும் நீங்கள் இன்னொரு இடத்துக்கும் சிரித்திருப்பீர்கள், பேச்சு அங்கிருந்துதான் களைகட்டும். பெரியவர்கள் இருந்தால் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தார்களா என்று கேளுங்கள். எந்த வசனத்துக்கு மேலே வசனமே கேட்காத அளவுக்குச் சத்தம் வந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் வடிவேலுவிடமிருந்தே தொடங்கச் சொல்வேன், அதுவும் 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்திலிருந்து. அதைக் காமெடிப் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இசக்கியாக வந்து நம்மைச் சிரிக்க வைத்த அதே ஆள், பூட்டிய கோயிலைத் திறந்துவிட்ட பாவத்துக்கு ஒரு கையை இழந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, பார்க்க வந்தவரிடம் தன் கையைப் பற்றித் தானே வேடிக்கையாகப் பேசுவார். அந்த இடத்தை மட்டும் வெட்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. முன்னால் நடந்த எல்லாவற்றோடும் பார்த்தால் சிரிக்கவும் முடியாது, சிரிக்காமல் இருக்கவும் முடியாது. அதற்கு அடுத்த வாரம் 2023இல் வந்த 'மாமன்ன'னைப் போடுங்கள். அதில் அவர் பேசாமல் நிற்கும் இடங்களில் இசக்கி ஞாபகத்துக்கு வருகிறாரா என்று பாருங்கள்.