கேப் போடும் முன் பல்லை எழுப்புதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லின் மேல் உறைபோல மாட்டியிருந்து கழன்று விழுந்த கேப்பைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இதைத் திரும்ப ஒட்டிக் கொடுத்துவிடுங்கள், டாக்டர்" என்று வந்து நிற்பவர்களைப் பார்க்காத பல் மருத்துவர் இருக்கமாட்டார். ஒட்டுவதற்கு முன் அந்தக் கேப்பைக் கவிழ்த்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். உட்புறம் காலியாக இருந்தால், விட்டுப்போனது ஒட்டிய சிமெண்ட் மட்டுமே. சுத்தம் செய்து மறுபடி ஒட்டினால் பெரும்பாலும் போதும். உள்ளே வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருந்தால், கேப்புக்கு அடியில் எழுப்பியிருந்த கட்டு பல்லைவிட்டு அப்படியே பெயர்ந்து வந்திருக்கிறது. சில நேரம் அதன் நடுவில், வேருக்குள் செருகும் போஸ்ட் என்ற தண்டு ஒன்று ஆணிபோல நீட்டிக்கொண்டும் இருக்கும். உள்ளே இருப்பது பல்லின் துண்டே என்றால், பல் ஈறோரத்தில் ஒடிந்துவிட்டது என்று பொருள். பின்னால் சொன்ன இரண்டு நிலைகளிலும் கேப்பைத் திரும்ப ஒட்டிப் பயனில்லை. தவறு கேப் செய்த நாளில் நடந்ததன்று, அதற்கு முன்பே நடந்திருக்கிறது.

அந்த முந்தைய வேலையைத்தான் மருத்துவர்கள் கோர் பில்டப் என்கிறார்கள். ஆறு வயதில் முளைக்கும் கீழ்வரிசை முதல் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொள்வோம். எந்தப் பால் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் சந்தடியின்றி இது முளைத்துவிடுவதால், இதையும் பால் பல் என்றே எண்ணிப் பல பெற்றோர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நாற்பது வயதில் கேப் போட வரும் பல் பெரும்பாலும் இதுவாக இருப்பதில் வியப்பில்லை. சொத்தையால் ஒரு பக்கச் சுவர் போய், வேர் சிகிச்சைக்காக (ரூட் கெனால்) நடுவில் திறந்து, மிச்சமிருக்கும் சுவர்கள் மெலிந்து நிற்கும் அந்தப் பல்லின் மேல் நேரடியாகக் கேப்பை வைக்க முடியாது. இழந்த பகுதியை, காம்போசிட் என்ற பல் நிறப் பிசின் போன்ற பொருளால் நிரப்பி, கேப் உட்காரத்தக்க ஒரு அடிக்கட்டையை எழுப்ப வேண்டும். பிறகு கேப்பின் கனத்துக்கு இடம் வேண்டி மேற்புறத்தில் ஒன்றரை முதல் 2 மி.மீ. வரையிலும், பக்கங்களில் சுமார் 1 மி.மீ. அளவிலும் செதுக்குவார்கள். செதுக்கிய பிறகு சொந்தப் பல் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கணக்கு. செதுக்குவதற்கு முன் இருப்பதைப் பார்த்து நம்பிக்கை கொள்வது முதல் தவறு.

கேப் நிற்பது கட்டின் மேல் அன்று, பல்லின் மேல்

உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் போடுவது எதற்கு? ஒவ்வொரு இடியிலும் மரம் பிளந்துவிடாமல் சுற்றி இறுக்கிப் பிடிப்பதற்கு. பூண் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால்தான் அந்த வேலையைச் செய்யும். மரத்தின் நுனியில் அப்பிய மண்ணின் மேல் உட்கார்ந்தால் செய்யாது. கேப்பும் அப்படித்தான். அதன் விளிம்பு, எழுப்பிய கட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, சொத்தையில்லாத சொந்தப் பல்லைச் சுற்றிலும் குறைந்தது ஒன்றரை முதல் 2 மி.மீ. உயரத்துக்குப் பிடிக்க வேண்டும்; அங்கே பல்லின் சுவர் சுமார் 1 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். பல் மருத்துவம் இதை ஃபெரூல் என்கிறது. அந்தச் சொல்லுக்கும் பூண் என்றுதான் பொருள். எந்தப் பொருளில் கட்டு எழுப்பினார்கள், எந்தப் பிராண்ட் கேப், எத்தனை ஆண்டு வாரண்டி என்பதையெல்லாம் துருவித் துருவிக் கேட்கும் நோயாளிகள், ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கும் இந்த 2 மில்லிமீட்டரைப் பற்றிக் கேட்பதே இல்லை. சுற்றிலும் கிடைக்காமல் மூன்று பக்கம் கிடைத்தாலும் அது இல்லாததைவிட மேல். ஒரு பக்கமும் இல்லையென்றால் எவ்வளவு திறமையாகக் கட்டு எழுப்பினாலும் மெல்லும் விசை முழுவதும் ஒட்டுப்பசையின் மேலும் வேரின் மேலும் விழும்.

சொந்தப் பல் ஈறுக்குக் கீழேதான் தொடங்குகிறது என்றால் கேப்பின் விளிம்பையும் ஈறுக்குள் ஆழமாக இறக்கிவிடலாம் என்று நினைப்பது இதன் தொடர்ச்சியாக வரும் தவறு. ஈறு பல்லோடு ஒட்டிக்கொள்வதற்கு எலும்புக்கு மேல் ஏறத்தாழ 2 மி.மீ. இடம் தேவை. அந்த இடத்தில் விளிம்பு நுழைந்தால் ஈறு சிவந்து வீங்கி, துலக்கும்போதெல்லாம் இரத்தம் கசியும். நாளடைவில் எலும்பும் கரையும். ஆகவே விளிம்புக்கும் எலும்புக்கும் இடையில் 3 மி.மீ. அளவு விட்டுவைப்பது வழக்கம். அது கிடைக்காத இடத்தில் ஈறையும் எலும்பையும் சற்றுக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. கம்பி கட்டிப் பல்லை மெல்ல மேலே இழுக்கும் முறையும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஈறு ஆறி நிலைகொள்ள 6 முதல் 8 வாரம் காத்திருக்க வேண்டும். சிரித்தால் தெரியும் முன்பற்களில் அதைவிட அதிகம். ஆனால் கடைவாய்ப் பல்லில் எலும்பைத் தாராளமாகக் குறைக்க முடியாது, ஏனெனில் வேர்கள் இரண்டாகப் பிரியும் கவட்டை வெளியே தெரிந்துவிட்டால் அங்கே சேரும் அழுக்கை எந்தத் தூரிகையாலும் எடுக்க இயலாது. இவை எதற்கும் வழியில்லாத பல்லை எடுத்துவிடலாம் என்று சொல்லும் மருத்துவரைச் சிகிச்சை தெரியாதவர் என்று எண்ணி அடுத்த மருத்துவமனையைத் தேடுவோர் உண்டு. அவர் சொன்னது பல நேரங்களில் சரியான பேச்சாகவே இருக்கும்.

பழைய அடைப்பை அப்படியே விடுவது

பத்தாண்டுக்கு முன் வைத்த அடைப்பு கெட்டியாகத்தான் இருக்கிறது, அதன் மேலேயே புதிய கட்டை எழுப்பிவிடலாம் என்ற சோம்பல் வேலையைச் சுருக்குகிறது, பல்லின் ஆயுளையும் சுருக்குகிறது. பழைய அடைப்பை முழுவதும் எடுத்தால்தான் அதன் அடியில் சொத்தை பரவியிருப்பதும், குழியின் தரையில் மயிரிழைபோல் ஒரு விரிசல் ஓடுவதும் தெரியும். மற்ற இடமெல்லாம் ஈறு இறுக்கமாக இருக்க, ஒரே ஒரு இடத்தில் மட்டும், ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் செருகி ஆழம் பார்க்கும் அளவுகோல் குறுகலாகவும் ஆழமாகவும் இறங்கினால் வேர் நெடுக்கில் பிளந்திருக்கிறதோ என்று ஐயுற வேண்டும். பாக்கை நெடுங்காலம் கடித்தவர்களின் தேய்ந்த கடைவாய்ப் பற்களில் இந்தச் சோதனையை விடவே கூடாது.

போஸ்ட் பல்லுக்கு வலு தரும் என்ற நம்பிக்கை

கான்கிரீட்டுக்குள் கம்பி போடுவதுபோல வேருக்குள் போஸ்ட் வைத்தால் பல் உறுதிப்படும் என்று மருத்துவர்களே சிலர் விளக்குவதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை அன்று. போஸ்டின் வேலை மேலே எழுப்பும் கட்டைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே. அதற்காக வேரின் உட்சுவரைக் குடையும்போது வேர் மெலிகிறது, மெலிந்த வேர் நெடுக்கில் பிளந்தால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. கடைவாய்ப் பல்லின் நடுவில் நரம்பு இருந்த அறை அகலமானது. அந்த அறையின் சுவர்களே பல நேரங்களில் கட்டைப் பிடித்துக்கொள்ளப் போதும். 1980-லேயே நய்யார், வால்டன், லெனர்ட் ஆகிய பல் மருத்துவர்கள் அந்த அறையையும் வேர்க் குழாய்களின் வாய்ப்பகுதியில் 2 முதல் 4 மி.மீ. ஆழத்தையும் மட்டும் பயன்படுத்தி, போஸ்ட் இல்லாமல், பாதரசம் சேர்ந்த உலோகக் கலவையான அமால்கத்தால் கட்டு எழுப்பும் முறையை விளக்கியிருந்தார்கள்.

போஸ்ட் வைத்தே தீர வேண்டும் என்ற நிலையில் கீழ்க் கடைவாய்ப் பல்லின் பின்புற வேரைத் தேர்ந்தெடுப்பது பொதுவாகப் பாதுகாப்பானது. முன்புற வேர் வளைந்தது; அதன் கவட்டைப் பக்கச் சுவர் மெல்லியது; துளையிடும் கருவி அந்தப் பக்கம் ஓட்டை போட்டுவிடும். வேரின் நுனியில் 4 முதல் 5 மி.மீ. நீளத்துக்கு, வேர்க் குழாயை நிரப்பியிருக்கும் ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா அடைப்பைக் கலைக்காமல் விட வேண்டும், இல்லையெனில் முடிந்துபோன வேர் சிகிச்சையையே மறுபடி செய்ய நேரும். நாரிழையால் ஆன ஃபைபர் போஸ்டின் வளையும் தன்மை, எனாமலுக்கு அடியிலுள்ள பல்லின் பகுதியான டென்டினுக்கு நெருங்கியது என்பதால், தோற்கும்போது வேரைப் பிளப்பதைவிட அது கழன்று வருவதே மிகுதி. அது ஒரு நன்மைதான், ஆனால் பூண் இல்லாத குறையை அதுவும் ஈடுசெய்யாது.

ஈரம்

காம்போசிட் எழுப்பும்போது ஈறோரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளி இரத்தம் துளிர்த்து, பஞ்சால் ஒற்றிய மறுநொடியே மீண்டும் துளிர்ப்பதைக் காணலாம். அந்தத் துளியின் மேல் பசையைத் தடவினால் அந்த இடத்தில் காம்போசிட் பல்லோடு ஒட்டாது. அன்று எதுவும் தெரியாது, ஓராண்டு கழித்து அங்கிருந்துதான் கசிவும் சொத்தையும் தொடங்கும். இரத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, ரப்பர் டேம் விரிப்பை மாட்டிப் பல்லை எச்சிலிலிருந்து பிரித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மூச்சு முட்டுகிறது, தாடை வலிக்கிறது என்று அதை மறுக்கும் நோயாளி, ஒட்டும் வேலையைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்.

ஒட்டுதலைக் கெடுப்பவை வேறு சிலவும் உண்டு. கிராம்பு வாசனை வீசும் தற்காலிக சிமெண்டிலுள்ள யூஜினால் என்ற பொருள், காம்போசிட் சரியாக இறுகுவதைத் தடுக்கும். ஆகவே அதன் எச்சத்தைச் சுரண்டி நன்றாகத் துப்புரவு செய்ய வேண்டும். வேர் சிகிச்சையில் கழுவப் பயன்படும் ஹைப்போகுளோரைட்டும் டென்டினோடு பசை ஒட்டும் வலுவைக் குறைக்கும். சாதாரண காம்போசிட்டை 2 மி.மீ. அடுக்கு அடுக்காக வைத்து ஒளி பாய்ச்ச வேண்டும். குழி முழுவதையும் ஒரே தடவையில் நிரப்பினால் மேற்புறம் கல்லாகவும் அடிப்புறம் அரைவேக்காடாகவும் நின்றுவிடும். கிளாஸ் அயனோமர் சிமெண்ட் சிறு பள்ளங்களை நிரவுவதற்கு ஏற்றது. இரண்டு சுவர் போன பல்லில் அதை மட்டும் நம்பிக் கேப் போடக் கூடாது, அவ்வளவு விசையைத் தாங்கும் வலு அதற்கில்லை.

வலி நின்றவுடன் காணாமல் போவது

இது முழுக்க நோயாளியின் பக்கத்துத் தவறு. வேர் சிகிச்சை முடிந்து வலி நின்றதும், தற்காலிக அடைப்போடு ஊருக்குப் போய், அறுவடை முடியட்டும், பிள்ளையின் தேர்வு முடியட்டும் என்று மாதங்களைக் கடத்துகிறார்கள். தற்காலிக அடைப்பு பெயருக்கேற்பத் தற்காலிகமானது. அது தேய்ந்து எச்சில் உள்ளே இறங்கினால் வேர்களுக்குள் கிருமி மறுபடி குடியேறும். மூன்று மாதத்துக்கு மேல் திறந்து கிடந்த பல்லில் வேர் சிகிச்சையையே திரும்பச் செய்ய நேரலாம். அதற்கிடையில் முறுக்கோ எலும்போ கடிபட்டு, மெலிந்து நின்ற சுவர் ஈறுக்குக் கீழே வரை பிளந்துவிட்டால், மேலே சொன்ன அந்த 2 மி.மீ. ஒரே கடியில் போய்விடும். வலி இல்லை என்பதால் பல் பத்திரமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நரம்பை எடுத்துவிட்ட பல் விரிசல் விடும்போது, எச்சரிக்கையாக முன்கூட்டியே கூசுவதற்குக்கூட அதற்கு வழியில்லை.

ஏற்கெனவே போட்ட கேப் கழன்று வந்துவிட்டால், ஃபெவிக்விக் போன்ற பசையால் வீட்டில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். கோணலாக ஒட்டிய கேப்போடு ஒரு நாள் மென்றாலே மிச்சப் பல் ஒடியலாம். ஈறும் புண்ணாகும். உள்ளே அடைத்திருக்கும் கட்டியை ஊசியால் நோண்டி எடுத்துச் சுத்தம் செய்யவும் வேண்டாம். ஒரு சிறு டப்பாவில் போட்டு, அப்படியே கொண்டு வாருங்கள்.