தமிழ்ப் பெயர்ப் பட்டியல் சிதறித் தெரிந்தால் சரிசெய்வது எப்படி?

பெங்களூரில் குடியிருப்போர் சங்கத்துக்கோ சீட்டுக்கோ பட்டியல் போட்டால், ஒரே ஃபைலில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வந்துவிடும். அந்த சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) எக்செலில் திறந்ததும் எழுத்தெல்லாம் சிதறிக் கிடக்கிறதா? முதல் வேலை, சேமிக்காமல் மூடுவது. ஃபைலில் பழுதில்லை, அதை எக்செல் படித்த விதம்தான் தப்பு. சேமித்தால் பழுது உள்ளேயும் போய்விடும்.

யூனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துக்கும் ஓர் எண் தரும் பட்டியல்; அந்த எண்ணை பைட்டுகளாக (0 முதல் 255 வரையான சிறு எண்களாக) ஃபைலில் எழுதும் முறை யூடிஎஃப்-8. இதில் உயிரெழுத்து, ‘க’ போன்ற அகர எழுத்து, கொம்பு, கால், புள்ளி என்று வழக்கத்தில் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘அ’ யூனிகோடில் 2949; அதன் பைட்டுகள் 224, 174, 133. தமிழ் என்றால் முதல் பைட் 224, அடுத்தது 174 அல்லது 175. கன்னடத்துக்கு அந்த இரண்டாவது பைட் 178 அல்லது 179. திரையில் தலைக்கோடு போட்ட சின்ன ‘ஏ’வும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வந்தால், அவைதான் 224-ம் 174-ம். தரவு பத்திரமாக இருக்கிறது. வெறும் கேள்விக்குறிகளாக இருந்து, பைட்டைப் பார்த்தாலும் 63, 63 என்றே போனால், அசல் எழுத்து அழிந்துவிட்டது. எந்தக் கருவியும் மீட்காது. பழைய பிரதியைத் தேடுங்கள்.

திறக்கும் முறை இது. எக்செலில் காலி ஷீட் எடுத்து, ‘டேட்டா’ தாவலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’யை அழுத்துங்கள். ‘ஃபைல் ஆரிஜின்’ இடத்தில் 65001 (யூடிஎஃப்-8-இன் எண்) தேர்ந்தெடுங்கள். முன்னோட்டத்தில் தமிழ் சரியாகத் தெரிந்த பிறகே ‘லோட்’. சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ வகை மட்டும். வெறும் ‘சிஎஸ்வி’ என்று கொடுத்தால் தமிழும் கன்னடமும் கேள்விக்குறியாகிவிடும். ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ ஆகச் சேமித்த ஃபைலின் தொடக்கத்தில் 239, 187, 191 என்று கண்ணுக்குத் தெரியாத 3 பைட் சேரும். வேறு மென்பொருள் முதல் நெடுவரிசையின் தலைப்பை மட்டும் அடையாளம் காண மறுத்தால் காரணம் இதுதான்.

பெயர் பாதியில் வெட்டுப்படுவது அடுத்த தொல்லை. ‘முத்துக்குமார்’ கண்ணுக்கு 7 எழுத்து, யூனிகோடில் 14 குறி, பைட்டில் 42. பைட்டாக எண்ணும் டேட்டாபேஸில் 30 இடம் ஒதுக்கினால் ‘முத்துக்கு’வோடு நிற்கும். 32 ஒதுக்கினால் ‘ம’வின் மூன்றாவது பைட் விழுந்து, அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். தமிழ்ப் பெயருக்கு 150 பைட்டாவது ஒதுக்குங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் ‘யூடிஎஃப்8எம்பி4’ வையுங்கள். பழைய ‘யூடிஎஃப்8’ 3 பைட்டோடு நின்றுவிடும். இமோஜிக்கும், 2019-இல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் 4 பைட் தேவை.

யூனிகோடைப் பின்பற்றாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல் கதையே வேறு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் பைட். என்கோடிங்கை (பைட்டைப் படிக்கும் முறையை) மாற்றிப் பயனில்லை, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி வேண்டும்.

பெயர் கண்முன் இருந்தும் தேடலில் சிக்காவிட்டால் ‘கோபால்’ போன்றவற்றைப் பாருங்கள். ‘கோ’வை இரண்டு குறியாக அடித்தால் 6 பைட், ஓகாரக் குறியை இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்று பிரித்து அடித்தால் 9. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. முழுப் பட்டியலையும் ‘என்எஃப்சி’ வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றினால் சரியாகும். ஆனால் ‘சௌந்தர்யா’வில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’வும் அடித்திருந்தால் என்எஃப்சி தொடாது. ‘வெளி’யிலும் அதே வரிசை வருவதால் மொத்தமாக மாற்றவும் கூடாது; அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும்.